வீட்டு சர்வருக்கு எந்த ஆக்சஸ் பாயின்ட்? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். கீழும் மேலுமாக இரண்டு தளம் உள்ள சொந்த வீடு. கீழே ஹாலில் ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டர். மாடி அறையில் சர்வராக ஒரு மினி பிசி, அதில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல சர்வர்களைத் தனித்தனியாக ஓட்டுகிற மென்பொருள்) போட்டு, படம் பார்க்க ஜெல்லிஃபின், ஃபோட்டோ சேமிக்க இம்மிச், ஸ்மார்ட் கருவிகளை இயக்க ஹோம் அசிஸ்டன்ட் மூன்றையும் ஓட்டுகிறார். மாடிக்கு கேபிள் இழுக்கவில்லை, மினி பிசியும் வைஃபையில்தான் இருக்கிறது. மாடி டிவியில் படம் நின்று நின்று ஓடுகிறது. மெஷ் கிட் (தங்களுக்குள் காற்றிலேயே பேசிக்கொள்ளும் வைஃபை பெட்டிகள்) வாங்கட்டுமா, ஆக்சஸ் பாயின்ட் (ரவுட்டரோடு இணைத்து வைஃபையைப் பரப்புகிற கருவி) என்றால் யூனிஃபை பிராண்டா, ஒமாடாவா, வாங்குவதுதான் வாங்குகிறோம் வைஃபை 7 ஆகவே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

சரி. பிராண்டுக்கு அப்புறம் வருவோம். "மாடிக்கு கேபிள் இழுக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சர்வரும் மாடியில், டிவியும் மாடியில். ஆனால் படம் நேராக டிவிக்கு வருவதில்லை. மினி பிசியிலிருந்து காற்றில் கிளம்பி, கான்கிரீட் தளத்தைத் தாண்டி கீழே ரவுட்டருக்குப் போய், மறுபடி அதே தளத்தைத் தாண்டி மேலே வருகிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் விடுகிற கதைதான். ஒரே படம் அந்தத் தடத்தை இரண்டு முறை அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு விலையுள்ள ஆக்சஸ் பாயின்டைக் கீழே மாட்டினாலும் இந்தச் சுற்று அப்படியேதான் இருக்கும்.

மெஷ் கிட்டை கேபிள் இல்லாமல் வைத்தாலும் அந்த இரண்டு பெட்டிகளும் தளத்தின் ஊடாகத்தான் பேசிக்கொள்ளப் போகின்றன. வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்றால் அது ஒரு வழி. அப்போதும் மினி பிசியை மேலே உள்ள மெஷ் பெட்டியின் லேன் போர்ட்டில் செருகிவிடுங்கள். ஜெல்லிஃபின் படம் கீழே இறங்காமலேயே டிவிக்கு வந்துவிடும். உங்களுடையது சொந்த வீடு. கேபிளே இழுங்கள்.

பழைய டெலிஃபோன் வயரோ டிஷ் வயரோ போன பைப் மாடிக்கு இருக்கும், எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள். கரண்ட் வயர் போகிற பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள். வெளிச்சுவர் வழியாகத்தான் முடியும் என்றால் வெயில் தாங்குகிற அவுட்டோர் கேபிள் தனியாகக் கிடைக்கிறது. கேட்-6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் அதே பெயரில் கடையில் இருக்கிறது. ஒரு கம்பியின் தோலை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி. வெள்ளையாகப் பளபளத்தால் அது அலுமினியம். நான்கைந்து முறை மடக்கினாலே ஒடிந்துவிடும். ஆக்சஸ் பாயின்டுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகப்போகிறது, அலுமினியத்தில் மின்தடை அதிகம். தூரம் கூடினால் வோல்டேஜ் குறையும், கேபிளும் சூடாகும்.

இந்த மின்சார விஷயத்தில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுக்கிற பிஓஇ சுவிட்ச் என்றால் எல்லாம் ஒன்றில்லை. 802.3ஏஎஃப் தரம் என்றால் போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 802.3ஏடி என்றால் 30 வாட் வரை. யூனிஃபை யூ6 பிளஸ்ஸுக்கு ஏஎஃப் போதும். ஒமாடா இஏபி650 ஏடி கேட்கும். சுவிட்ச் வாங்குவதற்கு முன் ஆக்சஸ் பாயின்டின் விவரத்தாளில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் பழைய யூனிஃபை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் சில மாடல்கள் 24 வோல்ட் பாசிவ் ரகம், இன்றைய ஏஎஃப் சுவிட்சில் செருகினால் உயிரே வராது. அதன் அடாப்டரை வேறு கருவியில் செருகிவிடாதீர்கள், எதிரே உள்ள கருவிக்கு வேண்டுமா என்று கேட்காமலேயே அது மின்சாரத்தை அனுப்பிவிடும். பிஓஇ சுவிட்சில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: ஃபைபர் ரவுட்டர், சுவிட்ச் இரண்டுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் கொடுத்தால் கரண்ட் போனாலும் வீடு முழுக்க வைஃபை நிற்கும்.

எத்தனை வேண்டும்? தளத்துக்கு ஒன்று, கீழே ஒன்று மேலே ஒன்று. சீலிங்கில் மாட்டுகிற வட்டத் தட்டு போன்றவை பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் பரவுகிற மாதிரி செய்யப்பட்டவை. அதைக் கொண்டுபோய் அலமாரி மேல் படுக்க வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்றால் எப்படி? மாட்டிய பிறகு பவரை 'ஹை'யில் விடாமல் நடுத்தரத்துக்கு இறக்குங்கள். எந்த ஆக்சஸ் பாயின்டில் ஒட்டிக்கொள்வது என்பதை ஃபோன்தான் முடிவு செய்கிறது. கீழே உள்ளது ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தால் மாடி ஏறிய பிறகும் ஃபோன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற சேனல்களில் ஆளுக்கொன்று கொடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

இப்போது வைஃபை 7. கணக்கைப் பார்ப்போம். 4கே புளூரே டிஸ்க்கில் இருக்கிற படத்தைச் சுருக்காமல் அப்படியே ஓட்டினாலும் உச்சம் நொடிக்கு 128 மெகாபிட். இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 6 ஃபோன் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1201 மெகாபிட் என்று காட்டும். அதில் பாதிதான் கையில் கிடைத்தாலும் 600. 160 மெகாஹெர்ட்ஸில் 2402 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், ஆனால் நான் சொன்ன யூ6 பிளஸ், இஏபி650 இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரு ஜிகாபிட் போர்ட்தான். அதற்கு மேல் ஒன்றும் வெளியே வராது. இம்மிச்சுக்கு ஃபோட்டோ ஏற்றுவதோ ராத்திரி நாம் தூங்கும்போது நடக்கிற வேலை. வைஃபை 7 என்று விற்பதில் யூ7 லைட் மாதிரி 6 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே இல்லாத மாடலும் உண்டு, அதையும் கவனியுங்கள். என்னைக் கேட்டால் வைஃபை 6 போதும், மிச்சப் பணத்தை நல்ல சுவிட்சில் போடுங்கள். அப்புறம், டிவிக்கும் கேபிள் கொடுக்கலாமா என்று தோன்றும். நிறைய டிவிகளில் லேன் போர்ட் 100 மெகாபிட்தான். கனமான 4கே கோப்புக்கு டிவியின் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

ஹோம் அசிஸ்டன்ட் வைத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் ஸ்மார்ட் பிளக், பல்பு எல்லாம் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே தெரிந்தவை, சிலதுக்குப் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 ஆகாது. அவற்றுக்குத் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) வைத்து, 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 என்று கொடுங்கள். அதை வி-லேனில் (ஒரே நெட்வொர்க்குக்குள் தனித்தனியாகப் பிரித்த பகுதி) பிரிக்க ஆக்சஸ் பாயின்டால் முடியும், ஆனால் உங்கள் ஃபைபர் ரவுட்டருக்கு வி-லேன் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் ஐபி முகவரி கொடுக்க ஆளில்லை. அதற்குத் தனி ரவுட்டர் வேண்டும், ஓபிஎன்சென்ஸோ மைக்ரோடிக்கோ. அதுவரை கெஸ்ட் நெட்வொர்க் வசதியை வருகிறவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை அதில் சேர்த்தால் வீட்டுக்குள் இருக்கிற முகவரிகளை அது மறித்துவிடும், ஹோம் அசிஸ்டன்டுக்கு பிளக் கண்ணிலேயே படாது.

கடைசியாக பிராண்ட். இரண்டும் நல்லவை, ஒரே வீட்டில் கலக்காதீர்கள், அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்வது ஒமாடா. கன்ட்ரோலர் (எல்லா ஆக்சஸ் பாயின்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கிற மென்பொருள்) எதுவும் இல்லாமலேயே ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டையும் பிரவுசரில் திறந்து வி-லேன் வரை அமைத்துக்கொள்ளலாம். யூனிஃபையில் கன்ட்ரோலர் இல்லாவிட்டால் ஆப்பில் கொஞ்சம்தான் கிடைக்கும். கன்ட்ரோலர் வேண்டுமென்றால் அதே பிராக்ஸ்மாக்ஸில் ஒரு கன்டெய்னராக ஓட்டலாம், சர்வர் நின்றாலும் வைஃபை நிற்காது. ஒன்றே ஒன்று, மினி பிசியின் பிராசசர் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளை நம்பி ஓடுகிறது, மாங்கோடிபி 5-ஆம் பதிப்பிலிருந்து பிராசசரில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு வசதி கேட்கிறது. இன்டெல் என்100-இல் அது உண்டு, செலரான் ஜே4125-இல் கிடையாது. ஜே4125 ஆக இருந்தால் கன்ட்ரோலரை மறந்துவிட்டு பிரவுசரிலேயே அமைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஆக்சஸ் பாயின்டுக்கு அது பெரிய வேலையில்லை.