பிரசங்கம் நடக்கையில் அண்ணாந்து பார்த்த சிறுவன்

[திரையில்: ஓவியங்கள் நிறைந்த வளைகூரை. கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது.]

மேடையில் அப்பா பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார். மகன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். சொல்வது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கக் கூட்டம்: தேவதூதர்கள், தீர்க்கதரிசிகள், பறவை நாகங்கள், பிசாசுகள். கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அந்தச் சிறுவன் இங்மர் பெர்க்மன். 1918இல் சுவீடனின் உப்சாலா நகரில் பிறந்து, பின்னாளில் உலகம் கொண்டாடிய திரைப்பட இயக்குநர் ஆனவர். அவருடைய அப்பா லூத்தரன் சபைப் பாதிரியார். ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள கிராமத்துத் தேவாலயங்களுக்குப் போகும்போது சில நாள் மகனையும் கூட்டிப்போவார். பிரசங்கத்தைவிடச் சுவர்கள்தான் தமக்கு அதிகம் பேசின என்று பெர்க்மன் பிற்பாடு எழுதினார். அதில் அவருடைய தவறு ஒன்றும் இல்லை. அந்தச் சுவர்கள் பேசுவதற்காகவே வரையப்பட்டவை.

[திரையில்: செங்கல் வளைவுகள், அருகில்.]

இந்தத் தேவாலயங்களில் பல 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டப்பட்ட கல் கட்டடங்கள். முதலில் மரக்கூரைதான் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துவிட்டுச் செங்கல்லால் வளைகூரை கட்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். தலைக்கு மேல் இவ்வளவு பெரிய வெள்ளைப் பரப்பு சும்மா கிடந்தால் ஓவியனுக்குக் கை அரிக்காதா?

அப்படிக் கை அரித்தவர்களில் பெரியவர் ஆல்பர்டஸ் பிக்டர். ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியிலிருந்து வந்தவர். 1465இல் ஆர்போகா என்ற ஊரின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. 1473இல் ஸ்டாக்ஹோமில் ஓர் ஓவியரின் விதவையை மணந்தார். பட்டறையும் அவர் கைக்கு வந்தது. ஓவியத்தோடு முத்துத் தையலும் அவருடைய தொழில். 1509இல் இறக்கும்வரை, முப்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களில் அவரும் அவருடைய ஆட்களும் வரைந்தார்கள்.

படங்களுக்கான மாதிரி பெரும்பாலும் 'ஏழைகளின் பைபிள்' எனப்படும் மரக்கட்டை அச்சுப் புத்தகத்திலிருந்து வந்தது. அதில் பழைய ஏற்பாட்டுக் கதையும் புதிய ஏற்பாட்டுக் கதையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மீன் வயிற்றிலிருந்து யோனா வெளியே வருவதையும், கல்லறையிலிருந்து இயேசு எழுவதையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவனுக்கு, இரண்டுக்கும் உள்ள உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

[திரையில்: டேபி தேவாலயம், சதுரங்க ஓவியம்.]

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே டேபி என்ற ஊர். அங்குள்ள தேவாலயத்தில் 1480களில் ஆல்பர்டஸ் வரைந்த இந்த ஒரு படத்தில் மட்டும் கொஞ்சம் நிற்போம். நடுவில் சதுரங்கப் பலகை. ஒரு பக்கம் நல்ல உடை உடுத்திய மனிதன். எதிரே எலும்பும் பல்லுமாக மரணம். மேலே நாடா போல ஓடும் எழுத்து, 'உனக்குச் செக்மேட் வைக்கிறேன்' என்கிறது. மரணம் என்றால் வாளோ அரிவாளோ பிடித்துக்கொண்டு நிற்கும் என்றுதான் நினைப்போம். இங்கே அது சாவகாசமாக உட்கார்ந்து காய் நகர்த்துகிறது. எனக்கு இதுதான் அதிகக் குளிரெடுக்க வைக்கிறது: அவசரமே இல்லாத எதிராளி.

இவருடைய ஓவியங்களில் பல முகங்கள் கறுத்துக் கிடப்பதையும் கவனியுங்கள். ஓவியர் அப்படித் தீட்டவில்லை. ஈயம் கலந்த வண்ணங்கள் நாளாக ஆகச் சுவரில் கறுத்துவிடும். தோலுக்குப் பூசிய இளஞ்சிவப்பு போய்க் கருமை மிஞ்சியது. பார்க்கிற பிள்ளைக்கு இந்த ரசாயனம் எங்கே தெரியப்போகிறது? பயம் இன்னும் கூடியிருக்கும்.

பயம் மட்டும் காட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். டேபி இருக்கும் அதே உப்லாந்து வட்டாரத்தில், சோதர்பி-கார்ல் தேவாலயச் சுவரில் பால் திருடும் முயல் இருக்கிறது. சூனியக்காரி ஏவிய முயல் அயலார் மாட்டிடம் பால் குடித்து வந்து வீட்டில் கக்கும். பிசாசு கூடமாட நின்று வெண்ணெய் கடைய உதவும். இப்படிப்பட்ட ஊர்க்கதை, பைபிள் கதைகளுக்கு நடுவில்! சிரிக்காமல் பிரசங்கம் கேட்ட பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

[திரையில்: கடற்கரை, சதுரங்கப் பலகை. கோட்டோவியமாக.]

1957இல் வந்தது பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை'. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரன் கடற்கரையில் மரணத்தோடு சதுரங்கம் ஆடுகிறான். மரணத்துக்குக் கறுப்புக் காய் விழுகிறது. தனக்குப் பொருத்தம்தான் என்கிறது அது. கதையில் வரும் நாடக நடிகன் ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்ள, மரணம் கீழே நின்று மரத்தை அறுக்கிறது. அதுவும் சிறுவயதில் கூரையில் பார்த்ததாகப் பெர்க்மன் நினைவுகூர்ந்த காட்சி. தேவாலயத்துக்குள் சாரத்தில் நின்று சுவரில் வரையும் ஓவியன் ஒருவன் வருகிறான். அவனுக்கு வைத்த பெயர் ஆல்பர்டஸ் பிக்டர். கதை நடப்பது கொள்ளைநோய்க் காலமான 14ஆம் நூற்றாண்டில்; நிஜ ஆல்பர்டஸ் அதற்கு நூறு வருடம் பிந்தியவர். இயக்குநர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சிறுவன் பார்த்தவற்றில் இன்னொரு படமும் உண்டு. ரோஜாத் தோட்டத்தில் மரியாள், தத்தித் தத்தி நடக்கும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அவளுடைய கைகள் ஒரு குடியானவப் பெண்ணின் கைகள் என்று எழுதினார் பெர்க்மன். 'ஏழாவது முத்திரை'யின் தொடக்கப் பகுதியில், காலையில் கண்விழிக்கும் கழைக்கூத்தாடி ஒருவன் புல்வெளியில் அதே காட்சியைக் காண்கிறான். ஓடிப்போய் மனைவியை எழுப்பிச் சொல்கிறான். அவள் நம்பவில்லை.