ஐயாவை எந்த லென்ஸுல எடுக்குறது?

எல்லாருக்கும் வணக்கம். கேமராவப் பத்தி ரேடியோவுல பேசுங்கன்னு கூப்பிட்டப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, படம் காட்ட முடியாத எடத்துல படத்தப் பத்திப் பேசுறது, இலைய விரிச்சுப் போட்டுட்டு சாம்பார் எப்படி இருக்கும்னு விளக்கம் சொல்ற மாதிரி. சரி, முடிஞ்ச வரைக்கும் பார்ப்போம்.

போன வருஷம் ஜூலை மாசம் எனக்கு ஒரு போன் வந்துச்சு. இங்க சிங்கப்பூர்ல தமிழ் படிச்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பெரியவர், அறிஞர், எண்பது வயசத் தாண்டிட்டார், அவருக்குப் பாராட்டு மலர் போடுறாங்க, அட்டைக்கு நல்லதா ஒரு படம் வேணும்னு கேட்டாங்க. பேரைச் சொல்லாதீங்க தம்பின்னு ஐயாவே கேட்டுக்கிட்டதால அவர இங்க ஐயான்னே சொல்றேன். போனை வச்ச உடனே நான் என்ன செஞ்சேன் தெரியுமா, அலமாரியத் தொறந்து எந்த லென்ஸ எடுத்துட்டுப் போறதுன்னு பார்க்க ஆரம்பிச்சேன். அங்கதான் தப்பு. இது மாதிரி தப்ப நான் ஏற்கெனவே ஒரு தடவ பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

அந்தக் கதைய மொதல்ல சொல்லிடுறேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பேராசிரியரப் படம் எடுக்கப் போனேன், அப்பதான் புதுசா 35 எம்எம் லென்ஸ் வாங்கியிருந்தேன், எம்எம் நம்பர் கொறையக் கொறைய படத்துல அடங்குற எடம் கூடும், புது லென்ஸ் கையில இருந்தா புதுச் செருப்பு வாங்கின பையன் மாதிரி அதையே மாட்டிக்கிட்டு அலையத் தோணும்ல, அதையே போட்டு, மொகம் ஃபிரேம் நெறைய வரணும்னு கிட்டக்கப் போயிப் போயி அரை மீட்டர்ல நின்னு எடுத்தேன். ஷார்ப்னா அப்படி ஒரு ஷார்ப். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிக் குடுத்தா அவர் பொண்ணு பார்த்துட்டு, "அண்ணே, அப்பா மூக்கு இவ்ளோ பெருசா?"ன்னு கேட்டுச்சு. அவர் மூக்குல ஒரு குறையும் இல்ல, நான் நின்ன எடம்தான் தப்பு.

இது நெறைய பேரு லென்ஸோட குத்தம்னு நெனைக்கிறாங்க, இல்லீங்க, தூரத்தோட வேல. கணக்கு ரொம்ப சிம்பிள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவுல ஒரு 12 சென்டிமீட்டர்னு வைங்க. நான் மூக்குல இருந்து 50 சென்டிமீட்டர்ல நின்னா காது 62 சென்டிமீட்டர்ல இருக்கு, அப்ப காதோட ஒப்பிட்டா மூக்கு கிட்டத்தட்ட கால் பங்கு பெருசாத் தெரியும். அதே நான் 2 மீட்டர் தள்ளி நின்னா காது 212, மூக்கு 200, வித்தியாசம் வெறும் 6 சதவீதம். நம்ம ஒருத்தர் வீட்டுக்குப் போயி எதிர் நாற்காலியில உக்காந்து பேசுற தூரம் அது, நம்ம மனசுல பதிஞ்சிருக்குற மொகமும் அந்தத் தூரத்து மொகம்தான். அதனாலதான் போன்ல எடுத்தா போதாதான்னு கேக்குறவங்ககிட்ட நான் சண்டை போடுறதில்ல, போன் கேமரா நல்லாத்தான் இருக்கு, ஆனா அதோட மெயின் லென்ஸ், ஃபுல் ஃபிரேம், அதாவது படத்தப் பதியுற சென்சார் பெருசா இருக்குற கேமரா, அந்தக் கணக்குல 24, 26 எம்எம் மாதிரி, மொகத்துக்குன்னு கிட்டக்கப் போனீங்கன்னா மறுபடி மூக்குதான்.

அதனால இந்தத் தடவ கேமரா இல்லாம, ஒரு அளவு டேப்ப மட்டும் எடுத்துக்கிட்டு அங் மோ கியோவுக்கு ஐயா வீட்டுக்குப் போனேன். பழைய எச்டிபி வீடு, அதான் அரசாங்க அடுக்குமாடி வீடு, கதவைத் தொறந்தா ஆள் கொஞ்சம், புத்தகம் நெறைய. ஹால்ல ரெண்டு சுவரு முழுக்க அலமாரி, தரையில அடுக்கு, அம்மா, அதான் ஐயாவோட வீட்டம்மா, நடக்குறதுக்குன்னு நடுவுல ஒத்தையடிப் பாதை. ஐயா எப்பவும் உக்கார்ற நாற்காலி ஒண்ணு இருக்கு, பின்னாடி 40 சென்டிமீட்டர்ல அலமாரி. நாற்காலியில இருந்து எதிர் சுவர் வரைக்கும் டேப்பப் போட்டு அளந்தேன், அதுல என் முதுகுக்கும் ட்ரைபாட் காலுக்கும் எடம் விட்டா எனக்கு மிச்சம் 1.8 மீட்டர். "என்ன தம்பி, எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"ன்னு ஐயா கேட்டார்.

இந்த 1.8 மீட்டர் தெரிஞ்சதும் என் வீட்டு அலமாரியில பாதி லென்ஸ் தானாவே கழண்டு போச்சு. ஃபுல் ஃபிரேம் சென்சாரோட நீளம் 36 மில்லிமீட்டர், கேமராவ நெட்டுக்க வச்சா, 85 எம்எம் லென்ஸுல 1.8 மீட்டர்ல இருந்து ஒரு 76 சென்டிமீட்டர் உயரம் அடங்கும், அதாவது தலைக்கு மேல கொஞ்சம் எடம், கீழ மடியில இருக்குற கை வரைக்கும். 50 எம்எம் போட்டா 1.3 மீட்டர் அடங்கும், நாற்காலி, அலமாரி, மேல ஓடுற ஃபேன் கம்பி எல்லாம் வந்துரும். 70-200 ஜூம் லென்ஸப் பத்தி கேக்கவே வேணாம், அந்த வீட்டுல 200ல எடுக்கணும்னா நான் காரிடார்ல லிஃப்ட்டுகிட்ட நிக்கணும்.

சரி, ஃபுல் ஃபிரேம் இல்லாதவங்க என்ன செய்றது? என் பழைய கிராப் சென்சார் பாடி, அதாவது சின்ன சென்சார் கேமரா, இன்னும் வீட்டுல கெடக்கு, அதுல 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், எஃப்னா லென்ஸ் வாய் தொறக்குற அளவு, நம்பர் சின்னதா இருந்தா வாய் பெருசு, அதப் போட்டா கிட்டத்தட்ட 75 எம்எம் மாதிரி, அதே 1.8 மீட்டர்ல 85 சென்டிமீட்டர் அடங்குது. அந்தச் சின்ன பிளாஸ்டிக் லென்ஸ நான் செகண்ட் ஹேண்ட்ல 120 வெள்ளிக்கு வாங்கினேன். மலர் அட்டைக்கு என்ன, ஏ3 சைஸுக்கே அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்குல 17 மெகாபிக்சல் சொச்சம் இருந்தா தாராளம், பத்து வருஷப் பழைய 24 மெகாபிக்சல் பாடியே செய்யும். புதுசுதான் வேணும்னா சிட்டி ஹால்ல இறங்கி பெனின்சுலா பிளாசா பக்கம் ஒரு சுத்து சுத்துங்க, விலையோட 9 சதவீத ஜிஎஸ்டி சேர்த்திருக்கான்னு கேட்டுக்குங்க, செகண்ட் ஹேண்ட்னா லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. நான் ஒரு தடவ டார்ச் அடிக்காம வாங்கிட்டு வந்து வீட்டுல பார்த்தா உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, வித்தவர் போனையே எடுக்கல. நம்ம ஊரு ஈரத்துக்கு ட்ரை பாக்ஸ் இல்லாம லென்ஸ் வச்சிருக்குறது ஊறுகாய் ஜாடிய மூடாம வைக்கிற மாதிரிதான்.

அதனால 85 எம்எம்ம முடிவு பண்ணி, கேமராவோட மறுபடி ஐயா வீட்டுக்குப் போனேன். அடுத்தது வெளிச்சம். ஃபிளாஷ் வேணாம்னு ஐயா மொதல்லயே சொல்லிட்டார், கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணு. சீலிங்ல இருக்குற எல்இடி லைட்ட நானே அணைச்சுட்டேன், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஷட்டர் சத்தத்துக்கு ஐயா ஒவ்வொரு தடவையும் கண்ணச் சிமிட்டுறாரேன்னு சைலண்ட் மோடு போட்டா படத்துல பட்டை பட்டையா கோடு விழும். அப்ப மிச்சம் சன்னல்தான். போட்டோகிராஃபி புத்தகத்துல எல்லாம் வடக்குச் சன்னல் வெளிச்சம் மெத்துன்னு இருக்கும்னு எழுதியிருக்கும், நானும் ரொம்ப நாள் அத நம்பிட்டு இருந்தேன். அதெல்லாம் ஐரோப்பாவுல ஒக்காந்து எழுதினது. நம்ம பூமத்திய ரேகையில இருந்து ஒண்ணேகால் டிகிரிதான் மேல இருக்கோம், மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கால நிக்கும். ஜூலையில காலைல பத்து மணிக்கு ஐயா வீட்டு வடக்குச் சன்னல்ல வெயில் சாய்வா உள்ள வந்து அவர் தோள்ல பளீர்னு அடிக்குது.

அதுக்குன்னு வெளிச்சத்தப் பரப்பி மெத்துன்னு ஆக்குற டிஃப்யூசர் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். அம்மா உள்ள போயி ஐயாவோட எட்டு முழ வேட்டிய எடுத்துட்டு வந்து கர்ட்டன் கம்பியில போட்டாங்க. துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச வேட்டி, வெளிச்சம் பால் மாதிரி எறங்குச்சு, ஒரே ஒரு வம்பு, அதோட பச்சைக் கரை மேசை மேல ஒரு கோடா விழுந்துச்சு, வேட்டிய மடிச்சுக் கட்டித்தான் அத மறைச்சேன். இன்னொரு பக்கம் கன்னம் இருட்டா இருந்ததுக்கு ஸ்டேஷனரிக் கடையில வாங்கின வெள்ளை ஃபோம் போர்ட நிறுத்தி வெளிச்சத்தத் திருப்பி விட்டேன்.

இனிமேதான் அசல் தலைவலி, மூக்குக்கண்ணாடி. நேராப் பார்த்தா கண்ணாடியில சன்னல் தெரியுது, சன்னல்ல வேட்டி தெரியுது. சரி, கண்ணாடியக் கழட்டிடுங்க ஐயான்னேன். நான் பண்ணின பெரிய தப்பு அது. 1941 டிசம்பர்ல ஒட்டாவாவுல யூசுப் கார்ஷ்ங்கிற போட்டோகிராஃபர் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் வாயில இருந்த சுருட்டப் பிடுங்கிட்டு எடுத்த படம் உலகப் புகழ், அவருக்குப் பிடுங்கினதும் அந்த மொறைப்பு கெடைச்சுது. எனக்குக் கெடைச்சது எதிர்ல இருக்குறது யாருன்னு தெரியாம தேடுற ரெண்டு கண்ணு. அறுபது வருஷமா கண்ணாடி போட்ட மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம், அத விரலால தடவிக்கிட்டே, "தம்பி, நீங்க எங்க நிக்கிறீங்க?"ன்னு கேட்டார். உடனே மாட்டிக்கச் சொல்லிட்டேன். கண்ணாடி இல்லாத அந்த மொகத்த அவரோட மாணவங்களே யாருன்னு கேப்பாங்க.

அப்புறம் சரி பண்ணினது இப்படித்தான். கண்ணாடிக் காம்ப காதுக்கு மேல ஒரு விரக்கடை தூக்கி வச்சா கண்ணாடி லேசா கீழ சாயும், சன்னல் பிரதிபலிப்பு கேமராவுக்கு வராம தரைக்குப் போயிரும். இன்னொண்ணு, ஐயாவோடது தடிச்ச மைனஸ் பவர், மொகத்தப் பக்கவாட்டுல திருப்பினா கண்ணாடிக்குள்ள தெரியுற கன்னத்தோட ஓரம் உள்ள தள்ளி, மொகமே அந்த எடத்துல வெட்டினாப்ல இருக்கும், அதனால ஸ்டைலா முக்கால் திருப்பம் எல்லாம் வேணாம்னு நேரா உக்கார வச்சேன்.

அந்த 85 எம்எம் லென்ஸும் எஃப் 1.8, காசு குடுத்து வாங்கியாச்சு, அதுலயே எடுக்கணும்னு கை துறுதுறுங்கும். ஆனா 1.8 மீட்டர்ல 85 எம்எம் எஃப் 1.8ல ஷார்ப்பா இருக்குற ஆழம் அஞ்சு சென்டிமீட்டர் கூட இல்ல, கண்ணுல ஃபோகஸ் வச்சா காது கரைஞ்சு போயிரும். இளம் பொண்ணு மாப்பிள்ளைக்கு அது அழகு, ஐயாவோட காதுல வளந்திருக்குற அந்த நரைமுடி, நெத்தியில திருநீறு காஞ்சு வெடிச்சிருக்குற கோடு, இதெல்லாம் எனக்கு வேணும். எஃப் 5.6 வச்சேன், 15 சென்டிமீட்டர் கெடைக்குது, மூக்குல இருந்து காது வரைக்கும் அடங்கிரும். வெளிச்சம் கம்மியாகும்ல, வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணும்னு கேமராவுக்குச் சொல்ற ஐஎஸ்ஓவ 1600க்கு ஏத்தினேன், இப்ப இருக்குற கேமராவுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. படம் எவ்ளோ வெளிச்சமா வரணும்ங்கிற எக்ஸ்போஷர மட்டும் கேமராகிட்ட விடல, வெள்ளை ஜிப்பா ஃபிரேம்ல பாதிய அடைச்சிருக்கு, கேமரா எல்லாத்தையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், ஜிப்பா அழுக்காகி ஐயா மொகம் கரியாயிரும், அதனால மொகத்து வெளிச்சத்த மீட்டர்ல அளந்து, பின்னாடி திருத்த வசதியா சென்சார் பதிஞ்சத அப்படியே வச்சிருக்குற ராவ் ஃபைல்ல எடுத்தேன். நம்ம நெறத்துக்கு இத நம்மளே பார்த்துக்கணும்.

அறுபது எழுபது படம் எடுத்திருப்பேன், நடுவுல அம்மா சுக்குக் காப்பி குடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு நாலு படம் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு ஐயாவே போன் பண்ணார்.

"தம்பி, படம் நல்லா வந்திருக்கு. மொகம் நம்ம மொகமாத்தான் இருக்கு. ஆனா என் எடது காதுகிட்ட ஒரு புத்தகம் இருக்கு பாருங்க."

பெருசாக்கிப் பார்த்தேன். அலமாரி 40 சென்டிமீட்டர்ல இருக்குன்னு சொன்னேன்ல, எஃப் 5.6ல புத்தகத்தோட முதுகுல இருக்குற பெரிய எழுத்து லேசா மங்கலா இருந்தாலும் படிக்க முடியுது. ஐயா முப்பது வருஷமா மறுத்து எழுதிக்கிட்டு இருக்குற இன்னொரு அறிஞரோட புத்தகம் அது. "அவர் சொன்னது தப்புன்னு காட்டத்தான் வச்சிருக்கேன், என் காதுல ஓதுற மாதிரி அட்டையில வரக்கூடாது"ன்னார். எஃப் 2ல எடுத்திருந்தா அந்த எழுத்து கரைஞ்சு போயிருக்கும், காதும் சேர்ந்து கரைஞ்சிருக்கும். கம்ப்யூட்டர்ல அழிச்சுடவான்னு கேட்டேன், அழிக்கிறது நேர்மை இல்ல தம்பின்னுட்டார்.

அடுத்த சனிக்கெழம அதே 85, அதே வேட்டி, மறுபடி அங் மோ கியோ. நான் போறதுக்குள்ள அந்தப் புத்தகத்த எடுத்து ஐயா கீழ்த்தட்டுல வச்சிருந்தார், காதுகிட்ட ஒரு பழைய தமிழ் அகராதி வந்திருந்துச்சு. டேப்பப் போட்டு மறுபடி 1.8 மீட்டர் அளந்துட்டு உக்காந்தேன்.