கைவண்டி இழுக்கப் போகும் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் யூட்டாவில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி எழும். பள்ளித் தோழியோ தோழனோ, "எங்க சர்ச்சில் ட்ரெக் போறோம், நீயும் வா" என்று கூப்பிட்டிருப்பார்கள். பெண்ணுக்கு நீளப் பாவாடை, தலைக்குத் துணித் தொப்பி. பையனுக்குத் தோளில் மாட்டும் சஸ்பெண்டர். வயோமிங் பொட்டல்வெளியில் மூன்று நாள் மரவண்டி இழுக்க வேண்டும், ஃபோன் கிடையாது. சபையின் முன்னோர் கைவண்டி இழுத்துக்கொண்டு யூட்டாவுக்கு நடந்து வந்ததை நினைவுகூரும் நடை அது. இதைக் கேட்டதும் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது இயல்புதான். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள், பிள்ளைகளைத் தயார் செய்யும் குழுவிலும் இருக்கிறேன். அதனால்தான் இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, ஊர் வழக்கில் மார்மன் சபை, 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. குடியேறிய இடங்களிலெல்லாம் அக்கம்பக்கத்தாரோடு மோதல். 1844இல் இல்லினாய் மாநிலச் சிறை ஒன்றில் கும்பல் புகுந்து, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. 1846 பிப்ரவரியில், அந்த மாநிலத்தில் தாங்கள் குடியிருந்த நாவூ நகரத்தை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். ஸ்மித்துக்குப் பின் தலைமையேற்ற பிரிகாம் யங் 1847 ஜூலை 24 அன்று, இன்றைய யூட்டாவில் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். ஜூலை மாதக் கடைசியில் இங்கே விடுமுறை விட்டு வாணவேடிக்கை நடக்கிறதே, அது இதற்காகத்தான்.

1869இல் கண்டம் கடக்கும் ரயில்பாதை முடியும்வரை ஏறத்தாழ 70,000 பேர் இப்படி வந்தார்கள். பெரும்பாலோர் மாட்டுவண்டிகளோடு வந்தவர்கள். கைவண்டி இழுத்தவர்கள் 3,000 பேர்போல, 1856 முதல் 1860 வரை பத்துக் கூட்டங்களாக வந்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, டென்மார்க் பக்கத்து ஏழைகள் அவர்களில் ஏராளம். மாடும் வண்டியும் வாங்கக் கையில் காசில்லை, சபையின் குடியேற்ற நிதியும் வற்றியிருந்தது. ரயில் அயோவா நகரத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் 1,300 மைல் நடை. நம் கணக்கில் கன்னியாகுமரியிலிருந்து நாக்பூரையும் தாண்டிப் போகிற தூரம்.

சென்னை நேயர்களுக்காக ஒரு சின்னச் செய்தி. இந்தச் சபையின் ஊழியர் ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் மதராஸுக்கு வந்து ஒரு வருடம்போல ஊழியம் செய்தார். சேர்ந்தவர்கள் மிகச் சிலர். திரும்பியவர் 1855இல் ஒரு குடியேறிகள் கூட்டத்துக்குத் தலைவராகி சால்ட் லேக் வந்து சேர்ந்தார்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். இந்த நடையில் பெரும்பாலும் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்கள் சேர்கிறார்கள். எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தம்பதியைப் பொறுப்பாக்கி அதை ஒரு குடும்பம் என்பார்கள். அந்தத் தம்பதியை 'மா', 'பா' என்றே கூப்பிட வேண்டும். முன்பின் தெரியாத பிள்ளைகளை வேண்டுமென்றே ஒன்றாகப் போடுவார்கள். தயாரிப்பு பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

காலிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். புது ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைக்கு முதல் நாள் மதியமே கொப்புளம் நிச்சயம். ட்ரெக்குக்குப் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸோடு வாராவாரம் நடக்கச் சொல்கிறோம், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம். பெண் பிள்ளைகள் அந்த நீளப் பாவாடையையும் கட்டிக்கொண்டே பழக வேண்டும். பாவாடை தரையைத் தொட்டால் சக்கரத்தில் மாட்டும், அதனால் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி தைக்கச் சொல்வோம். பாதத்தில் எங்காவது சூடாக, உறுத்தலாகத் தெரிந்தால் உடனே நின்று டேப் ஒட்ட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லக் கூச்சம். வாயைத் திறக்காமல் நடந்துவிட்டு மாலையில் ரத்தத்தோடு வரும்.

அப்புறம் தண்ணீர். வயோமிங்கில் ட்ரெக் நடக்கும் மார்ட்டின்ஸ் கோவ் பக்கம் ஏறத்தாழ 6,000 அடி உயரம். காற்று வறட்சியாக இருப்பதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உப்புச்சத்தும் உள்ளே போக வேண்டும். 2016இல் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு ட்ரெக்கில் உடன் போன இளம்பெண் ஒருவர் வெப்பத்தால் இறந்துபோனார். முன்னோர் பட்ட கஷ்டத்தைக் கொஞ்சமாவது பட்டுப் பார்க்கட்டும் என்று தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கை வைக்கும் பெரியவர்கள் எங்காவது இருந்தால், அந்தக் கூட்டத்தோடு உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள். நான் இதில் கறார்.

வண்டியில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும், பின்னால் நாலு கை தள்ளும். இறக்கத்தில் முன்கட்டைக்குள் நிற்கும் இரண்டு பேர் மேல் மொத்தப் பாரமும் சரிந்துகொண்டு வரும். பின்னால் கயிறு கட்டி, பலமுள்ளவர்கள் உடம்பைச் சாய்த்து இழுத்துப் பிடிக்க வேண்டும். சர்ச் வாகன நிறுத்தத்தில் வண்டியைக் கொண்டுவந்து வைத்து இதை மட்டும் தனியாகப் பழக்குகிறோம்.

இதெல்லாம் உடம்புக்கு. மனதுக்கு என்று நாங்கள் செய்வதில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. 1856இல் பெரியவர் ஒருவருக்கு அனுமதித்த சுமை 17 பவுண்ட், கிட்டத்தட்ட 7.7 கிலோ. போர்வை, மாற்றுத்துணி, பாத்திரம் எல்லாம் அதற்குள்தான். ஒரு தராசை வைத்துவிட்டு, கொண்டுவந்த சாமான்களில் 17 பவுண்டுக்குப் பொறுக்கச் சொல்கிறோம். ஒரே கூச்சல், சிரிப்பு, பேரம். பொறுக்கி முடித்ததும், "இனி 10 பவுண்ட்தான், மிச்சத்தைக் கீழே வையுங்கள்" என்கிறோம். எல்லாரும் முதலில் கீழே வைப்பது கம்பளியை. பாரமும் அதுதான், கோடையில் யாருக்கு வேண்டும்? அப்போதுதான் சொல்கிறோம்: எட்வர்ட் மார்ட்டின் தலைமையில் வந்த கூட்டம் அக்டோபர் 17 அன்று டீர் கிரீக் ஓடையருகே இப்படியே பாரத்தைக் குறைத்தது. மாவு தீர்ந்துகொண்டிருந்தது, மாடுகளும் ஆட்களும் களைத்துப்போயிருந்தார்கள். போர்வைகளைப் போட்டுவிட்டு நடந்தார்கள். 19ஆம் தேதி நார்த் பிளாட் ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள், அன்றே பனிப்புயல் வந்தது. அறையில் சத்தம் அடங்கிவிடும். சில பிள்ளைகள் கீழே வைத்த கம்பளியைத் திரும்ப எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ட்டின் கூட்டமும், அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஜேம்ஸ் வில்லி கூட்டமும் சேர்ந்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர். 200 பேருக்கு மேல் செத்தார்கள். இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதில் எங்கள் குழுவிலேயே கருத்து வேறுபாடு உண்டு. விசுவாசத்தால் தாங்கினார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி வேறு. கப்பல்கள் தாமதமாக வந்தன, வண்டிகள் தயாராகவில்லை, சரியாகக் காயாத மரத்தில் செய்த சக்கரங்கள் வழியில் சுருங்கி விரிசல் விட்டன. ஆகஸ்டில் நெப்ராஸ்கா எல்லையில் லீவை சாவேஜ் என்பவர், இவ்வளவு தாமதித்துக் கிளம்ப வேண்டாம், குளிர்காலத்தை இங்கேயே கழிப்போம் என்று அழுதுகொண்டே மன்றாடினார். தலைமையில் இருந்தவர்கள் கேட்கவில்லை. எச்சரித்தவரும் கடைசியில் அவர்களோடே நடந்தார். பத்துக் கூட்டங்களில் மற்ற எட்டும் இப்படி அழியவில்லை. ஆகவே அந்தச் சாவுகளில் மனிதர்களின் முடிவுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லித்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும். அவர்கள் புரிந்துகொள்வார்கள், நம்மைவிட நன்றாகவே.

அழகுபடுத்திய கதைகளும் உண்டு. ஸ்வீட்வாட்டர் ஆற்றில், மார்ட்டின் கூட்டத்தை மீட்க வந்த 18 வயதுப் பையன்கள் மூவர் எல்லாரையும் தூக்கிக் கடத்திவிட்டு, அதனாலேயே பிறகு இறந்தார்கள் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். பதிவுகளை ஆராய்ந்தால் ஆட்கள் மூவருக்கு மேல், எல்லாருக்கும் 18 வயதில்லை, எல்லாரையும் அவர்கள் தூக்கவுமில்லை, பல வருடங்கள் வாழ்ந்தும் இருக்கிறார்கள். பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் இறங்கினார்கள் என்பதே எனக்குப் போதும்.

பெண்கள் மட்டும் வண்டி இழுக்கும் ஏற்றம் ஒன்று பல ட்ரெக்குகளில் இருக்கும். ஆண்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிப் பையன்களை ஒதுக்கி நிறுத்துவார்கள். சபை ஆண்கள் 500 பேர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தது 1846இல், கைவண்டிக்குப் பத்து வருடம் முன்னால்! பொருந்தாத காரணம் எதற்கு? வில்லி, மார்ட்டின் கூட்டங்களில் பெண்களைவிட ஆண்களே அதிகம் இறந்தார்கள். கணவனைப் புதைத்துவிட்டு வண்டியை இழுத்த பெண்கள் நிஜமாகவே இருந்தார்கள். அதைச் சொன்னால் போதாதா?

ஒவ்வொரு பிள்ளைக்கும் 1856இல் நடந்த ஒருவரின் பெயரைக் கொடுத்து, அவரைப் பற்றிப் படித்துவரச் சொல்கிறோம். பையன்கள் பலர் ஜேம்ஸ் கர்க்வுட் பெயரைக் கேட்பார்கள். கிளாஸ்கோவிலிருந்து விதவைத் தாயோடு வந்த 11 வயதுச் சிறுவன். நடக்க முடியாத ஓர் அண்ணன் வண்டியில், அதைத் தாயும் இன்னோர் அண்ணனும் இழுத்தார்கள். நாலு வயதுத் தம்பி ஜேம்ஸின் பொறுப்பு. அக்டோபர் 23 அன்று ராக்கி ரிட்ஜ் ஏற்றத்தில் தம்பியைச் சுமந்துகொண்டு முகாம் சேர்த்துவிட்டு இறந்துபோனான். தம்பி பிழைத்தான். இந்தப் பெயரை அந்த வயதில் தம்பி தங்கை இருக்கிற பிள்ளைகளுக்கு யோசித்துத்தான் கொடுப்போம். சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த பிள்ளைக்குக் கொடுக்கவே மாட்டோம். துணிப் பொம்மையைக் குழந்தை என்று கொடுத்து, வழியில் அது செத்ததாகச் சொல்லிப் புதைக்க வைக்கும் நாடகங்களும் சில இடங்களில் உண்டு. எனக்கு உடன்பாடில்லை.

சபையைச் சேராத நம் பிள்ளைகள் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஜெபமும் பாட்டும், அவரவர் விசுவாசத்தைப் பற்றி எழுந்து பேசும் சாட்சிக் கூட்டமும் இருக்கும். மரியாதைக்கு உட்கார்ந்திருந்தால் போதும், பேச வேண்டிய கட்டாயமில்லை. சைவம் சாப்பிடுகிற பிள்ளை என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய அண்டாவில் மாட்டிறைச்சி ஸ்டியூ கொதித்த பிறகு சொன்னால் பிள்ளைக்கு ரொட்டிதான் மிஞ்சும். மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால் ஒரு இன்ஹேலர் பிள்ளையின் பையிலும் இன்னொன்று அந்த 'மா' கையிலும் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.