பனிக்கடலுக்குப் போகும் பாய்மரப் படகு

நேயர்களுக்கு வணக்கம்.

துருவக் கடல்களுக்குப் போகிற பாய்மரப் படகை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். பல படகுகளில் பெயின்ட்கூட இருக்காது, வெறும் சாம்பல் நிற அலுமினியம். பூசினாலும் பனிக்கட்டி சுரண்டி எடுத்துவிடும், பிறகு எதற்கு? கடுங்குளிரில் சாதாரண எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. அலுமினியத்துக்கு அந்தக் கோளாறு இல்லை. பாறையில் இடித்தால் பெரும்பாலும் நெளியும், சட்டென்று பிளந்துவிடாது.

பனியை முட்டி உடைக்கத்தான் இந்த உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். பனியிடம் மல்லுக்கு நின்று எந்தச் சிறு படகும் ஜெயித்ததில்லை. நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சனுக்காக 1892-இல் காலின் ஆர்ச்சர் கட்டி முடித்த 'ஃபிராம்' கப்பலின் அடிவயிறு உருண்டையாக இருந்தது. பனி இரு பக்கமும் நெருக்க நெருக்க, கப்பல் வழுக்கி மேலே எழும்பிவிடும். 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் பனியில் சிக்கி மிதந்தும் முழுசாகத் திரும்பியது. அண்டார்டிகாவுக்குப் போன ஷாக்கில்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பலுக்கு அப்படி உருண்டை வயிறு இல்லை; 1915-இல் பனி நெருக்கி நொறுங்கிப் போனது. அதே உருண்டை யோசனையில் 1989-இல் பிரான்சில் பிறந்ததுதான் 36 மீட்டர் நீள அலுமினியப் படகு 'தாரா'. அதுவும் 2006-இல் ஆர்க்டிக் பனியில் உறைந்து, மிதந்து, 2008 தொடக்கத்தில் வெளியே வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம், மேலே தூக்கிக்கொள்ளும் கீல். படகு கவிழாமல் காக்கும் அந்த அடித்தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டால், கரையை ஒட்டிய ஆழமில்லாத குடாவுக்குள் நுழைந்துவிடலாம். பெரிய பனிப்பாறையின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் அல்லவா இருக்கிறது? அது நம்மை நெருங்குவதற்கு முன்பே தரைதட்டி நின்றுவிடும். அப்புறம் கரைப்பாறைகளுக்கு நான்கு பக்கமும் கயிறு கட்டி, காற்று எந்தத் திசைக்கு மாறினாலும் அசையாமல் கிடக்கலாம். மேல்தளத்தில் பெரிய பெரிய உருளைகளில் நீளக் கயிறுகளைச் சுற்றி வைத்திருப்பது இதற்காகத்தான்.

மலை போன்ற பனிப்பாறை ரேடாரில் தெரிந்துவிடும். அதிலிருந்து உடைந்து, நீர்மட்டத்தோடு மிதக்கிற துண்டுதான் ஆபத்து. அலைகளுக்கு நடுவே ரேடார் அதைத் தவறவிட்டுவிடும். அதனால்தான் முன்முனையில் ஒருவர் கண்கொட்டாமல் நிற்கிறார். இடுக்கில் நுழையும்போது நீளக் கழியால் கட்டிகளைத் தள்ளிவிடுவதும் அவர் வேலைதான்.

உள்ளே வேறொரு தொல்லை. மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகி ஒழுகும். மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே உட்சுவர் முழுக்கக் குளிர் தடுக்கும் தடிமனான நுரைப் பூச்சு. நடுவில், மின்சாரமே கேட்காமல் சொட்டுச் சொட்டாக டீசல் இறங்கி எரிகிற ஒரு அடுப்பு. படகின் மரத்தில் ஏற்ற இன்னொரு பாய் வாங்கப் பணம் இருந்தாலும், முதலில் இந்த அடுப்பைத்தான் வாங்கச் சொல்வேன். ஈரத்தில் நாள்கணக்காகக் கிடந்த மாலுமிக்குப் பாயை இழுக்கக் கை வராது.