மறுநாள் ஒரு போன்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். சின்ன அளவில் தடவு நிலையம் நடத்துகிறவர்கள் தொழிலை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வந்தது. மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகிற ரோட்டில், ஒரு சந்துக்குள்ளே, இரண்டே அறை. நான், உதவிக்கு இரண்டு பெண்கள். பெண்களுக்கு மட்டும்தான் எண்ணெய் போட்டுத் தடவிக் கொடுக்கிறோம். இதில் என்ன பெரிய வியாபாரம் என்று கேட்கலாம். ஆனால் பதினாறு வருஷமாக மூடாமல் நடக்கிறது. அதனால் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

எங்கள் அப்பா வர்ம ஆசான். வர்மம் என்றால் உடம்பில் அடிபடக் கூடாத உயிர்நிலை இடங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லித் தருவார். பலகை வைத்ததே இல்லை. கேரளத்துப் பாறசாலையிலிருந்தும் ஆள் தேடி வரும். நான் தொடங்கியபோது, அப்பா காலம் வேறு என்று நினைத்து, 2,000 நோட்டீஸ் அடித்துக் காலைப் பத்திரிகைக்குள் வைத்து அனுப்பினேன். வந்தது இரண்டு போன். ஒன்று, அச்சகத்துக்காரர் பாக்கிப் பணம் கேட்டது. இன்னொன்றை வானொலியில் சொல்ல முடியாது. 'மசாஜ்' என்று போட்டிருந்தேன், அதனால் வந்த வினை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆண் குரல். பெண்கள் யாராவது புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், பலகையில் அந்தச் சொல் வேண்டாம். எண்ணெய்த் தடவு, உழிச்சல், எது உங்கள் ஊரில் வழக்கமோ அதைப் போடுங்கள். 'பெண்களுக்கு மட்டும்' என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நம்முடையது எல்லைப் பகுதி, கீழே மலையாளத்திலும் ஒரு வரி இருக்கட்டும்.

சரி, நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தடவி அனுப்பிய ஆளுக்கு மறுநாள் ஒரு போன் போடுங்கள். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன்.

நம் பக்கத்து முந்திரி ஆலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கொட்டை உடைப்பார்கள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். அந்த வேலைக்குப் போகிற யாருக்கு இடுப்பு வலி இல்லை? அப்படி ஓர் அக்கா வந்தார். எனக்கு வந்த முதல் ஆலைக்காரி. எனக்கோ ஒரே உற்சாகம், இவரை நன்றாகக் கவனித்தால் ஆலையே நம்மிடம் வரும் என்று. முதுகு கல் மாதிரி இருந்தது. அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். அவரும் 'இன்னும் அமுக்கு, இன்னும் அமுக்கு' என்றார். போகும்போது முகம் மலர்ந்துதான் போனார்.

ஒரு வாரம் ஆயிற்று, ஆளைக் காணோம். இரண்டு வாரம். ஆலையிலிருந்து வேறு யாரும்கூட வரவில்லை. ஏற்கெனவே வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் வரவில்லை. பிறகு மீன் விற்கிற சேச்சி ஒருத்தி வந்து சொன்னாள்: 'அந்த அக்கா மறுநாள் எழும்ப முடியாமக் கிடந்தாளாம். எலும்ப நொறுக்கிட்டாள்னு ஆலையில எல்லாருட்டயும் சொல்லுகா.' எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆலையில் ஒருத்தி சொன்னால் வரிசை முழுக்கக் கேட்கும் இல்லையா? அங்கே கை வேலை செய்யும், வாய் சும்மாதானே இருக்கிறது.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்: ரொம்ப நாள் இறுகிக் கிடந்த தசையை முதல் தடவை பலமாக அழுத்தினால், மறுநாள் நோவு வரும். வயலில் முதல் நாள் மண்வெட்டி பிடித்தவருக்குக் கை நோவது மாதிரிதான். ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். அவர் பயறைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 'எனக்கு ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. இத நீ அன்னைக்கே பறஞ்சிருக்கப்பிடாதா மக்களே? நான் எதுக்கு ஊரெல்லாம் சொல்லப் போறேன்?'

அவ்வளவுதான். இரண்டு தப்பு செய்திருந்தேன். முதல் தடவையே அவ்வளவு பலம் கொடுத்தது ஒன்று. சொல்லாமல் அனுப்பியது இன்னொன்று. அன்றிலிருந்து முதல் நாள் மெதுவாகத்தான் தடவுவது. அனுப்பும்போது 'நாளைக்குக் கொஞ்சம் நோகும்' என்று சொல்லிவிடுவது. மறுநாள் காலையில் ஒரு போன்: 'அக்கா, எப்படி இருக்கு?' நோவு குறையாமல் கூடுகிறது, கால் மரத்துப் போகிறது என்றால் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அதே அக்காதான் பிறகு பதினோரு பேரைக் கூட்டி வந்தார். நான் காசு கொடுத்துச் செய்த விளம்பரம் எதுவும் பதினோரு பேரைக் கூட்டி வந்ததில்லை.

போன் என்றால் 'அடுத்து எப்போ வாறீங்க' என்று கேட்பதற்கு இல்லை. அதைக் கேட்டால் கடன்காரன் போன் மாதிரி ஆகிவிடும். நோவைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், ஆளைத் திருப்பி அனுப்புவது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக இருந்தால் அதைத் தொடவே கூடாது. இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், தடவும்போது கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. சர்க்கரை உள்ளவர்கள் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடான எண்ணெய் சுட்டாலும் தெரியாது. காய்ச்சல் என்றாலும் தடவக்கூடாது. இப்படி யாரையாவது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் அன்றைய காசு போகும். போகட்டும். திருப்பி அனுப்பிய வீட்டிலிருந்து பிறகு மகள் வருவாள், மருமகள் வருவாள்.

இதோடு சேர்ந்தது, பலகையில் எழுதுகிற வாக்குறுதி. சர்க்கரை குணமாகும், பக்கவாதம் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. எங்கள் ரோட்டிலேயே அப்படிப் பலகைகள் நிற்கின்றன. அதைப் பார்த்து நீங்களும் எழுதாதீர்கள். நாம் டாக்டர் இல்லை, தடவுகிறவர்கள். இடுப்பு பிடிப்புக்கு, தோள் வலிக்கு என்று எழுதினால் போதும்.

அப்புறம் நேரம். நான் முதலில் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை திறந்து வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆலைப் பெண்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் விடியுமுன்னே போய், பால் எடுத்து, உறைய வைத்து, வீடு திரும்பவே மதியம் ஆகிவிடும். மதியம் மூன்று முதல் ராத்திரி எட்டு என்று மாற்றினேன். ஆடி மாதம் மட்டும் காலையிலும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், நம் ஆடிக்குச் சரியான கர்க்கிடக மாதத்தில் உடம்புக்குப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது அல்லவா, அங்கேயிருந்தும் வருவார்கள்.

கட்டணம் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்து எழுதிக்கொண்டு வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த அக்கா கதையில் நேரம் போய்விட்டது. சுருக்கமாக: ஏழு நாள் தடவுவதற்கு மொத்தமாகப் பணம் வாங்காதீர்கள், அன்றன்று வாங்குங்கள். ஒருத்தருக்கு மட்டும் குறைத்தால் அடுத்த நாளே ஆலை வரிசைக்குத் தெரிந்துவிடும், குறைத்தால் எல்லோருக்கும் குறையுங்கள். செல்போன் வரைபடத்தில் நம் இடத்தைக் குறித்து வைப்பது, வாட்சப்... சரி, அது இன்னொரு நாள் கூப்பிட்டால் பார்க்கலாம். வணக்கம்.