கூடையோட ஏறணுமா, கூடைய இறக்கிட்டா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, வடசென்னைக் கல்மண்டபத்து மக்களே, வணக்கம். எனக்குக் கொடுத்தது ஏழு நிமிஷம். அதில் ஒரு நிமிஷத்தை மைக் சரிசெய்தவர் எடுத்துக்கொண்டார்.

தலைப்பு, 'மகிழ்ச்சி தேடிப் போனால் கிடைப்பதா, இருக்கிற இடத்தில் வாய்ப்பதா?' நான் இருக்கிற இடத்துக் கட்சி. சரி, தலைப்பைப் பேசியாயிற்று.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி என்ன சொன்னார்? "ரயில் பேசின் பிரிட்ஜ் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மகிழ்ச்சி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது என்கிறார்களே!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். அவர் வீடு எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்குப் பின்தெரு!

மூக்கு என்று வந்துவிட்டதால் என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடியுமுன் காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் மீனோடு பஸ் ஏறி, பாரிமுனைப் பக்கம் தெருத்தெருவாக விற்பவர். எனக்குப் பத்து வயசில் ஒருநாள் கூடப் போனேன். பக்கத்து சீட்டில் ஒரு சார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. கூடையைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்தார், மூக்கில் வைத்தார். அத்தை ஒன்றும் பேசவில்லை.

கல்மண்டபம் வந்தது. மூக்கில் கைக்குட்டை. கண் மட்டும் கூடைக்குள். பீச் ஸ்டேஷன் வந்தது. கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு குரல்: "நெத்திலி கூறு எவ்ளோ?" அத்தை பேசவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி: "குழம்புல மாங்கா போடலாமா?" அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார். "கைக்குட்டைய எடுத்துட்டுக் கேளு சார். காதுல விழல."

பொறுங்கள், இன்னும் முடியவில்லை. சார் ஒரு கூறு வாங்கினார். கையில் பை இல்லை. எதில் வாங்கினார்? அதே கைக்குட்டையில்! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, திரும்பச் சொல்கிறேன். மூக்கைப் பொத்திய கைக்குட்டையில் ஒரு கூறு நெத்திலி! முடிச்சுப் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாரிமுனையில் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, நடுவர் அவர்களே! தங்கச்சி, இன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு கைக்குட்டையோடு போங்கள். உதவும்.

தங்கச்சி பின்லாந்தையும் இழுத்தார். உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த நாடுதான் முதலிடம், உண்மைதான். ஆனால் எப்படி அளக்கிறார்கள்? ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், கீழே பூஜ்யம், உச்சியில் பத்து, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கிறார்கள். நானும் போன வாரம் அத்தையிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூடையோட ஏறணுமா, கூடைய இறக்கிட்டு ஏறணுமா?" என்றார். எந்த நாட்டு அறிக்கையில் இதற்குப் பதில் இருக்கிறது?

தேடிப் போனவர்கள் கதையும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் லாட்டரி அடித்த 22 பேரை விசாரித்து 1978-ல் ஒரு கட்டுரை வந்தது. மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக ஒன்றும் மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் ருசிகூடக் குறைந்திருந்தது. நெத்திலி உட்பட என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் ஒன்றே ஒன்று.

அத்தையிடம் வேறொன்றும் கேட்டேன். "எப்ப அத்தே நீ ரொம்ப சந்தோஷமா இருந்த?" நல்ல விலை கிடைத்த நாளைச் சொல்வார், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிய நாளைச் சொல்வார் என்று நினைத்தேன். "தடைக்காலம்டா" என்றார். மாமா விசைப்படகில் போனவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடிக்கத் தடை, 61 நாள் படகு கடலுக்குப் போகாது. கையில் காசு இருக்காது. நகை அடகுக்குப் போகும். இது மகிழ்ச்சியா, நடுவர் அவர்களே? "அந்த 61 ராத்திரிதான்டா காத்து அடிச்சா நான் எழுந்து உக்காராம தூங்குவேன். பக்கத்துல படுத்துனு கொறட்ட விடும்."

ஒவ்வொரு வருஷமும் தடைக்காலத்துக்கு முந்தின நாள் அத்தை மாமாவின் கோரைப்பாயை எடுத்து மாடியில் வெயிலில் போடுவார். மாமா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. கடலில் இல்லை, கட்டிலில், உடம்பு சரியில்லாமல். இந்த ஏப்ரலில் நான் போனபோது மாடியில் அந்தப் பாய் காய்ந்துகொண்டிருந்தது. ஓரம் பிய்ந்த இடத்தில் புதுசாய் நீலத் துணி வைத்துத் தைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது மணியும் அடித்தாயிற்று. இதில் எங்கே வாதம் என்று எதிரணி கேட்கும், கேட்கட்டும். அத்தை இங்கேதான் இருக்கிறார், மூன்றாவது வரிசையில், பச்சைப் புடவை. பக்கத்து நாற்காலி காலி. நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.