அவையில் எவர் குரல் கேட்டது? அயர்லாந்தின் சட்டம் ஒழுங்கு விவாதங்கள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

நாடாளுமன்றத்தில் சட்டம் ஒழுங்கு குறித்துக் காரசாரமான விவாதம் நடைபெற்றது என்னும் செய்தியை நாம் வானொலியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எதிர்க்கட்சியினர் குற்றம் சாட்டுவார்கள், அமைச்சர் காவல்துறையைப் பாராட்டுவார், சிலர் வெளிநடப்புச் செய்வார்கள், மசோதா நிறைவேறும், செய்தியும் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் மக்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு நாட்டில் அந்த விவாதத்தின் தன்மை வேறு. எது ஒழுங்கு, எவருடைய சட்டம் என்பதிலேயே அங்கு உடன்பாடு இல்லை. ஒரு தரப்பினர் தம்மைக் காப்பவராகக் காணும் அதே காவலரை, மறு தரப்பினர் நள்ளிரவில் தம் வீட்டுக் கதவை உடைப்பவராகக் காண்கின்றனர். இரு தரப்புப் பிரதிநிதிகளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து இதைப் பேசித் தீர்ப்பதற்கு நாடாளுமன்றத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

நான் நெடுங்காலமாக ஈடுபாட்டுடன் படித்து வருபவை அயர்லாந்துத் தீவைப் பற்றிய நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள். 1921ஆம் ஆண்டில் அத்தீவின் 32 மாவட்டங்களுள் வடகிழக்கில் உள்ள 6 மாவட்டங்கள் பிரிக்கப்பட்டு, வட அயர்லாந்து என்ற பெயரில் பிரிட்டனுடன் நிறுத்திக்கொள்ளப்பட்டன. ஆகவே மூன்று அவைகள் இந்தப் பிரச்சினையைப் பேசின. வட அயர்லாந்துக்கென அமைந்து, பிற்காலத்தில் ஸ்டார்மண்ட் என்று அழைக்கப்பட்ட நாடாளுமன்றம் ஒன்று. லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மற்றொன்று. தெற்கே தனி நாடாகிய அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் உள்ள டாய்ல் என்னும் அவை மூன்றாவது. இம்மூன்றின் குறிப்புகளையும் படிக்கும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டுதாம். அந்த அவையில் எவர் குரல் கேட்கப்பட்டது? எந்த வேளையில் வாக்கெடுப்பு நடந்தது? சட்டத்தின் வாசகத்தைக் காட்டிலும் இவ்விரண்டுமே அதன் விளைவைப் பெரிதும் தீர்மானித்தன என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஸ்டார்மண்டைப் பார்ப்போம். பிரிட்டனுடன் இணைந்தே இருக்க விரும்பிய யூனியனிஸ்ட் கட்சி, 1921 முதல் 1972 வரை இடைவெளியின்றி அங்கு ஆட்சி செய்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான கத்தோலிக்கர்களுள் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தையே விரும்பினார்கள். அவர்களுடைய பிரதிநிதிகள் தொடக்கத்தில் அந்த அவையைப் புறக்கணித்தார்கள். பின்னர் உள்ளே வந்தார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த எதையும் ஆளுங்கட்சி ஏற்கவில்லை. அவர்களுடைய முயற்சியால் நிறைவேறிய சட்டமாக வரலாற்று ஆசிரியர்கள் எப்போதும் சுட்டுவது ஒன்றே ஒன்று: 1931ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம். பறவைகளுக்காக அவர்கள் பேசியதை அவை ஏற்றது. தம் மக்களுக்காகப் பேசியதை ஏற்கவில்லை. படிக்கும்தோறும் மனத்தை வருத்தும் செய்தி இது.

அந்த அவை 1922இல் நிறைவேற்றிய சிறப்பு அதிகாரங்கள் சட்டம், அமைதியையும் ஒழுங்கையும் காக்கத் தேவையான எந்த நடவடிக்கையையும் எடுக்கும் அதிகாரத்தை உள்துறை அமைச்சருக்குத் தந்தது. அந்த அதிகாரத்தை அவர் எந்தக் காவல் அதிகாரியிடமும் ஒப்படைக்கலாம். விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். சில குற்றங்களுக்குக் கசையடி கொடுக்கலாம். இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு பிரிவு இருந்தது. விதிகளில் குறிப்பிடப்படாத ஒரு செயலாக இருந்தாலும், அது அமைதிக்குக் கேடு விளைவிக்கக்கூடியதாயின் அதுவும் குற்றமே என்று அப்பிரிவு கூறிற்று. எது குற்றம் என்று முன்கூட்டிச் சொல்லாமலேயே தண்டிக்க இடமளிக்கும் சட்டம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1963இல் தென்னாப்பிரிக்காவின் நீதி அமைச்சர் வோர்ஸ்டர், அடக்குமுறை மசோதா ஒன்றைத் தம் நாடாளுமன்றத்தில் முன்வைத்தபோது, இத்தகைய தம் சட்டங்கள் அனைத்தையும் வட அயர்லாந்துச் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவுக்கு மாற்றாகத் தந்துவிடத் தாம் ஆயத்தமாக இருப்பதாகக் கூறினார். நிறவெறி அரசின் அமைச்சரே பொறாமைப்பட்ட சட்டம் அது.

அந்தச் சட்டம் முதலில் ஓராண்டுக்கு மட்டுமே என்று சொல்லப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். 1928இல் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 1933இல் காலவரையறையையே எடுத்துவிட்டார்கள். அச்சட்டத்தால் எவர் சிறைப்பட்டனரோ, அவர்களுடைய பிரதிநிதிகள் தொடக்கத்தில் அவையில் இல்லை. வந்த பிறகும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பில்லை. காஹிர் ஹீலி என்பவர் 1922இல் விசாரணையின்றிக் கைதுசெய்யப்பட்டு, ஆர்ஜெண்டா என்னும் சிறைக்கப்பலில் அடைக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் அவரை வெஸ்ட்மின்ஸ்டருக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டு மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அவர் விடுதலையானது 1924 பிப்ரவரியில்தான். இருமுறை வென்ற உறுப்பினரின் இருக்கை வெறுமையாக இருக்க, நாடாளுமன்றம் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

அப்படியானால் லண்டன் நாடாளுமன்றம் கேட்டிருக்கக் கூடாதா என்று நீங்கள் வினவலாம். 1923இல் வெஸ்ட்மின்ஸ்டர் சபாநாயகர் ஒரு தீர்ப்பு வழங்கினார்: வட அயர்லாந்து அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்களைப் பற்றி இங்கே கேள்வி எழுப்பக் கூடாது. ஒப்படைக்கப்பட்ட பொருள்களுள் காவல்துறையும் அடக்கம். அந்தக் கதவு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்தது. 1966இல் மேற்கு பெல்ஃபாஸ்டிலிருந்து ஜெரி ஃபிட் உறுப்பினராகி, அதை விடாமல் தட்டினார். 1968 அக்டோபர் 5 அன்று டெர்ரி நகரில், தடை விதிக்கப்பட்ட குடிமை உரிமைப் பேரணியின் முன்வரிசையில் அவர் நின்றபோது, காவலர்களின் தடியடியில் அவருடைய தலை பிளந்து குருதி வழிந்தது. அயர்லாந்துத் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் ஒருவர் அதைப் படம்பிடித்தார். பல்லாண்டு விவாதங்கள் கேட்கவைக்க முடியாத செய்தியை அந்தப் படம் உலகுக்குக் காட்டிற்று.

1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. அதே டெர்ரி நகரில் குடிமை உரிமைப் பேரணி ஒன்றின்போது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே உயிரிழந்தார்கள். பின்னர் மேலும் ஒருவர் இறந்தார். மறுநாள் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் எழுந்து, படையினர் தம்மீது தாக்குதல் நடந்ததாலேயே திருப்பிச் சுட்டனர் என்று அறிக்கை படித்தார். அந்த அவையில் இருந்த நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுள் முந்தைய நாள் நிகழ்ச்சியைக் கண்ணால் கண்டவர் ஒருவரே இருந்தார். அவர் பெர்னடெட் டெவ்லின்; 21 வயதில் இடைத்தேர்தலில் வென்று வந்தவர். தாம் கண்டதைச் சொல்ல அவர் எழுந்தபோது சபாநாயகர் பேச அழைக்கவில்லை. அவர் அவையின் நடுவே நடந்து சென்று அமைச்சரைக் கையால் அடித்தார். மறுநாள் நாளேடுகள் அந்த அடியைப் பற்றியே எழுதின. நேயர்களே, அவையில் கைநீட்டுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் நேரில் கண்ட ஒரே சாட்சியைப் பேசவிடாமல், காணாதவர்கள் அனைவரும் பேசிய அவையை எப்படி ஏற்பது? அந்தத் துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி சாவில் பிரபுவின் அறிக்கை வெளியான 2010 ஜூன் 15 அன்று, பிரதமர் கேமரன் அதே அவையில் எழுந்து, அந்தத் துப்பாக்கிச்சூடு எவ்விதத்திலும் நியாயப்படுத்த இயலாதது என்று கூறி மன்னிப்புக் கோரினார். 1972இல் டெவ்லின் சொல்ல முயன்றதை அவை ஏற்பதற்கு 38 ஆண்டுகள் ஆயின.

இனி டப்ளினுக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் வாக்கெடுப்பு எந்த வேளையில் நடக்கிறது என்னும் என் இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அதே 1972ஆம் ஆண்டின் இறுதி. வடக்கின் வன்முறை தெற்கையும் உலுக்கிக்கொண்டிருந்தது. நவம்பரில் அயர்லாந்து வானொலி, ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் தலைவர் ஒருவருடைய நேர்காணலின் அடிப்படையில் ஒரு செய்தியை ஒலிபரப்பியது. அதற்காக அந்த ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆட்சிக்குழு முழுவதையும் அரசு பதவி நீக்கிற்று. அதே வாரங்களில் நீதி அமைச்சர் டெஸ்மண்ட் ஓமாலி, அரசுக்கு எதிரான குற்றங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஒருவர் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் உறுப்பினர் என்று தலைமைக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் நீதிமன்றத்தில் வந்து, அதுவே தம் நம்பிக்கை என்று கூறினால், அந்த நம்பிக்கையையே சாட்சியமாகக் கொள்ளலாம் என்பது அதன் மையப் பிரிவு. விசாரணை நடப்பதோ ஜூரிகள் இல்லாத சிறப்புக் குற்றவியல் நீதிமன்றத்தில்.

டாய்லில் பெரும் எதிர்ப்புக் கிளம்பிற்று. தொழிற்கட்சி எதிர்த்தது. முதன்மை எதிர்க்கட்சியான ஃபினே கேலின் தலைவர் லியாம் காஸ்கிரேவ் மசோதாவை ஆதரிக்க விரும்பினார். அவர் கட்சியினருள் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். பாட்ரிக் கூனி என்னும் உறுப்பினர் மிகக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். தலைவர் பதவி இழப்பார், மசோதா தோற்கும், பிரதமர் ஜாக் லிஞ்ச் தேர்தலுக்குச் செல்வார் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை மாலை வரை நிலைமை இதுதான்.

அன்றிரவு ஏறத்தாழ 8 மணிக்கு, அவையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள லிபர்டி ஹால் அருகே ஒரு கார் குண்டு வெடித்தது. கால் மணி நேரத்தில் சாக்வில் பிளேஸ் என்னும் தெருவில் இன்னொன்று வெடித்தது. பேருந்துப் பணியாளர்கள் இருவர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். செய்தி அவைக்குள் பரவியது. ஃபினே கேல், மசோதாவை எதிர்த்துத் தான் முன்வைத்திருந்த திருத்தத்தை விலக்கிக்கொண்டு வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதிகாலை 4 மணி அளவில் மசோதா வெற்றி பெற்றது. மசோதாவின் ஒரு சொல்கூட மாறவில்லை. அதை எதிர்த்துக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றுகூடப் பொய்யாகிவிடவில்லை. குண்டு வெடித்தது; வாக்குகள் இடம் மாறின. அடுத்த மார்ச் மாதம் காஸ்கிரேவ் பிரதமரானார்; எதிர்த்துப் பேசிய கூனியே நீதி அமைச்சராகி அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தினார். குண்டு வைத்தவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

அந்த உறுப்பினர்களை நான் கோழைகள் என்று சொல்லவில்லை. தம் நகரத்தின் தெருக்களில் குருதி சிந்திக் கிடக்கும்போது எவர் மனமும் கலங்கும். கலங்கிய மனத்துடன் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றலாம். பல பத்தாண்டுகள் நிலைக்கப்போகும் சட்டத்தை நிறைவேற்றலாகாது என்பதே என் வாதம். ஒரு வாரம் பொறுத்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்றுகூட நான் கூறவில்லை. விவாதம் முடிந்திருக்கும் என்று மட்டும் கூறுகிறேன்.

லண்டனிலும் இதுவே நிகழ்ந்தது. 1974 நவம்பர் 21 அன்று பர்மிங்காம் மதுக்கூடங்களில் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தார்கள். எட்டாம் நாளில், நவம்பர் 29 அன்று, பயங்கரவாதத் தடுப்புத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் கடுமையை உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் தாமே ஒப்புக்கொண்டார். கில்ட்ஃபர்ட் குண்டுவெடிப்புக்காக அந்த வாரங்களில் பிடிக்கப்பட்ட நால்வர், செய்யாத குற்றத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் சிறையில் கிடந்து 1989இல் வெளிவந்தார்கள். பர்மிங்காம் வழக்கின் அறுவர் 1991இல் வெளிவந்தார்கள். தற்காலிகச் சட்டமோ புதுப்பிக்கப்பட்டும் திருத்தப்பட்டும் கால் நூற்றாண்டு நீடித்தது. இதே தலைப்பைத் தாங்கிய சட்டத்தை 1979இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியதையும், மூன்றாண்டுகளுக்கு என்று சொல்லப்பட்ட அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டதையும் நம் நேயர்களுள் பலர் அறிவார்கள். அது தனியே ஓர் உரைக்குரிய பொருள்.

எனக்கு அளிக்கப்பட்ட நேரம் முடிவை நெருங்குகிறது. வட அயர்லாந்து இதிலிருந்து எப்படி வெளியேறியது என்பதையே இறுதிப் பகுதியாக எண்ணியிருந்தேன். அதைச் சுருக்கியே சொல்ல வேண்டியுள்ளது. வட அயர்லாந்தின் 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு, 1999இல் பேட்டன் ஆணையம் காவல்துறையைப் புதிதாக அமைக்கப் பரிந்துரைத்தது. அப்போது அப்படையில் கத்தோலிக்கர் சுமார் 8 விழுக்காடே. 2001 முதல் பத்தாண்டுகளுக்குப் புதிய காவலர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற விதி நடப்பில் இருந்தது. 1972இல் பழைய ஸ்டார்மண்ட் ஆட்சி முடிந்தபோது லண்டன் எடுத்துக்கொண்ட காவல், நீதி ஆகிய பொறுப்புகளை மீண்டும் பெல்ஃபாஸ்டுக்கு மாற்றுவதா என்பதை, உடன்பாட்டின்படி அமைந்த புதிய ஸ்டார்மண்ட் பேரவை 2010 மார்ச் 9 அன்று விவாதித்தது. 88 பேர் ஆதரித்தார்கள், 17 பேர் எதிர்த்தார்கள். பிற அமைச்சர் பதவிகள் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. நீதி அமைச்சரை மட்டும் இரு சமூகத்து உறுப்பினர்களின் ஆதரவையும் பெற்றே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். அவ்வாறு ஏப்ரல் 12 அன்று பொறுப்பேற்றவர், இரு முகாம்களையும் சேராத அலையன்ஸ் கட்சியின் டேவிட் ஃபோர்ட். அந்தத் தேர்வுமுறை எப்படிச் செயல்பட்டது, எங்கே இடறிற்று என்பதைச் சொல்ல இப்போது நேரம் இடந்தரவில்லை. இவ்வளவு நேரம் செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.